சபை கிடைத்த மறுநாள்

சாய்ந்தமருதில் பிறந்த பிள்ளைக்குத் 'தனிச்சபை' என்ற சொல்லை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பெருநாள் வீட்டிலும் கல்யாணப் பந்தலிலும் நாலு பேர் கூடினால் பேச்சு அதிலேதான் வந்து நிற்கும். ஆனால் அந்தச் சபை கிடைத்த மறுநாள் என்ன செய்வோம் என்று பேசுவோர் குறைவு. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஒரு துண்டு நிலம். வடக்கே ஒட்டினாற்போல் கல்முனை நகரம். முன்னொரு காலத்தில் கரைவாகுத் தெற்கு கிராம சபை என்று எங்களுக்கென ஒரு சபை இருந்ததை உம்மும்மா இன்றும் சொல்வார். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தோடு வந்த மாற்றத்தில் நாங்கள் கல்முனையுடன் சேர்க்கப்பட்டோம். 2001இல் கல்முனை மாநகர சபையாக உயர்ந்தது. எங்கள் கோரிக்கையும் கூடவே வளர்ந்தது.

2017இன் இறுதியில் கடைகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் சிறு பிள்ளை. 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலில் இதே கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழு எங்கள் ஊரில் வென்றது. 2020 பெப்ரவரி 14ஆம் திகதி சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று வர்த்தமானி வெளியானது. ஊரே மகிழ்ந்தது. ஒரு வாரம் செல்லுமுன் அது இடைநிறுத்தப்பட்டது.

உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் நகர சபை என்றால் என்ன என்பது எனக்குத் தெளிவாயிற்று. பாடசாலையும் வைத்தியசாலையும் பொலிசும் அதன் கீழ் இல்லை. பிரதேச செயலகம் வேறு. அது எங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. நகர சபையின் கையில் இருப்பவை உள்ளூர் வீதி, வடிகான், குப்பை, தெருவிளக்கு, சந்தை, நூலகம், மைதானம் போன்றவை. சொல்லும்போது சிறியவை. ஆனால் மாரி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது இவற்றைவிடப் பெரியது எதுவுமில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது வாப்பா தனிச்சபையின் நியாயங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மும்மா என்னைப் பார்த்து, "சபை வந்தா தோணா நாறாம இருக்குமா மகள்?" என்றார். வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்வது தோணாதான். அதற்குள் குப்பையைக் கொட்டி அடைப்பது வேற்றூரார் அல்லர், ஊரார்தான். எந்த வர்த்தமானி வந்தாலும் அந்தப் பழக்கம் தானாக மாறப்போவதில்லை.

அள்ளிய குப்பையை எங்கே கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வி. இப்போது கல்முனைப் பகுதிக் குப்பை அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக்குப் போகிறது. எங்கள் எல்லைக்குள் ஒரு மேட்டுக்கும் இடமில்லை. சபை பிரிந்தாலும் குப்பைக்காக அயலூரோடு பேசியே ஆகவேண்டும். காசும் அப்படித்தான். சோலைவரி, சந்தை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் இவைதான் ஒரு சபையின் சொந்த வருமானம். பெரிய கடைத்தெருவும் பஸ் நிலையமும் கல்முனையில் இருக்கின்றன. அந்த வருமானம் இல்லாமல் எத்தனை தொழிலாளர், எத்தனை வண்டி என்று கணக்குப் பார்த்தோமா?

அயலவரின் மனமும் இருக்கிறது. நாங்கள் போய்விட்டால் எஞ்சும் சபையில் தங்கள் பலம் குறையும் என்று கல்முனை முஸ்லிம்கள் கவலைப்படுகிறார்கள். கல்முனைத் தமிழருக்கோ வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை உண்டு. எங்கள் கோரிக்கை நியாயமென்றால் அவர்களுடைய பயத்தையும் காதுகொடுத்துக் கேட்பதுதானே நியாயம்?

இதனால் தனிச்சபை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றே நினைக்கிறேன். தெருவின் குறையைத் தெருவில் இருப்பவரிடமே சொல்லக் கிடைப்பது ஓர் உரிமை. ஆனால் எல்லையை மட்டும் கீறிவிட்டு, அதற்குள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கக்கூடாது.

அந்தத் திட்டத்தைப் போடும் இடத்தில் பெண்களும் இருக்க வேண்டும். உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. எந்த வடிகான் முதலில் நிரம்பும், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வந்தால் உதவும், ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு எந்த ஒழுங்கையில் விளக்கு வேண்டும் என்பதெல்லாம் உம்மாமாருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? கூட்டங்களில் ஆண்கள் பேசினார்கள். நாங்கள் தேநீர் ஊற்றினோம். இனி அது போதாது.

2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. வழக்கொன்றின் காரணமாகக் கல்முனைக்கு நடக்கவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு. உள்ளூராட்சிக்கு என் முதல் வாக்கு எப்போது, எந்தச் சபைக்கு என்று இன்று சொல்ல முடியாது. அதுவரை சும்மா இருக்கத் தேவையுமில்லை. எங்கள் வகுப்பில் ஊர்ப் பிள்ளைகள் பலர் இருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் ஒழுங்கையின் வடிகானையும் விளக்கையும் ஒரு கொப்பியில் குறித்தால் ஊரின் வரைபடம் ஒன்று உருவாகிவிடும். சபை கல்முனையில் இருந்தாலும் சாய்ந்தமருதில் இருந்தாலும் அந்த வரைபடம் தேவைப்படும். இன்ஷா அல்லாஹ், பரீட்சை முடிந்த கையோடு தொடங்குவோம்.