வாய்க்கால் கரை வரை

என் பெரியப்பா மகளுக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து, முடியும் வளர்ந்து, விழிதியூருக்குத் திரும்பினாள் அக்கா. இனிக் கவலையில்லை என்றிருந்தோம். அவளுக்கோ இரண்டு பாத்திரம் தேய்த்தாலே களைப்பு. பத்து மணி நேரம் உறங்கியும் அலுப்புத் தீரவில்லை. அக்கம்பக்கத்தார் "சோம்பல்" என்றார்கள். கொல்லைப்புறம் போய் அழுதாள்.

அது சோம்பலன்று, தோழியரே! சிகிச்சைக்குப் பின் சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும் களைப்பு. படுத்தே கிடந்தால் தசை மெலிந்து இன்னும் மிகும். அளவான நடை அதைக் குறைக்கும். சில மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக் கூடுமாதலால் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012 மார்ச்சில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தார். செப்டம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் 26 பந்துகளில் 34 ஓட்டங்கள் எடுத்தார். (ஒரே ஓட்டத்தில் நாம் தோற்றது வேறு கதை!) அத்தகைய வீரருக்கே ஆறு மாதம் பிடித்தது.

அக்கா முதல் வாரம் தெருமுனை வரை நடந்தாள். பிறகு வாய்க்கால் கரை வரை. மாலையில் நானும் உடன் செல்வேன். அவள் நின்றால் நிற்பேன், ஏனென்று கேட்பதில்லை. ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரைப் பார்த்து, "அடுத்த வருடம் நாகூர் வரையாவது போகணும்" என்றாள். பெரியம்மா வேண்டாம் என்கிறார்கள். அக்காவோ இப்போதே புதுச் செருப்புக் கேட்கிறாள்.