வாயிற்காப்போனை நீக்கிய கதை

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு வயிற்றெரிச்சல் என்பது உத்தியோகத்தோடு சேர்ந்து வரும் சொத்து. காலையில் அவசரமாக இரண்டு இட்டிலி, பிறகு மூன்று மணி நேரக் கத்தல், நடுநடுவே காபி. எனக்கும் அது வந்தது. ஒரு டாக்டர் எட்டு வாரங்களுக்கு ஓமெப்ரஸோல் எழுதிக் கொடுத்தார். அந்த எட்டு வாரம் ஐந்து வருஷமாக நீண்டது. மருந்துக் கடைக்காரர் சீட்டைக் கேட்கவில்லை; நானும் காட்டவில்லை. "பல் துலக்குவதுபோல் இதுவும் நித்திய கர்மமாகிவிட்டதே!" என்பாள் என் மனைவி. நான் சிரித்துவிடுவேன்.

சென்ற வருஷம் வயிற்று உப்புசமும் குமட்டலும் பேதியும் ஆரம்பித்தன. ஒரே மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆயிற்று. பாடத்தின் நடுவில் நான் வெளியே ஓடும்போதெல்லாம் பையன்கள் சிரிக்காமல் தலையைக் குனிந்து கொண்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேறொரு டாக்டர் வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையிலிருந்து ஒரு துணுக்குத் தசையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருந்தது. 1681-ஆம் ஆண்டில் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக் தமது பேதியையே பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது கண்ட பிராணி இதுதான் என்கிறார்கள். (என்னைவிடத் தைரியசாலி!) அசுத்தத் தண்ணீரோடு வருவது; சிறுகுடலின் மேற்பாகமே அதன் வாசஸ்தலம்.

"அப்படியானால் இரைப்பையில் அதற்கு என்ன வேலை?" என்றேன்.

"அமிலம் சரியாகச் சுரக்கும் இரைப்பையில் அது சாதாரணமாகத் தங்காது, சார். நீங்கள் அந்த மாத்திரையை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள்?"

ஐந்து வருஷம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அமிலத்துக்குச் சோற்றைச் செரிப்பது மட்டும் வேலையன்று. உணவோடு நுழையும் கிருமிகளில் பலவற்றை வாசலிலேயே கொல்வதும் அதுதான். காவலன் போய்விட்டால் பேதிக் கிருமிகளுக்கு வழி சுலபமாகிறது. ஆயினும் டாக்டர் நியாயஸ்தர். என் விஷயத்தில் மாத்திரைதான் குற்றவாளி என்று சத்தியம் செய்ய மறுத்துவிட்டார். நானும் அதைத் தூற்றமாட்டேன். இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்து கிடந்த என் மைத்துனன் பிழைத்தது இதே மருந்தின் உபகாரத்தால்தான்.

ஒட்டுண்ணி சில நாள் மருந்தில் ஒழிந்தது. மாத்திரையை விடுவதுதான் பெரும் பாடாயிற்று. படிப்படியாகக் குறைத்தும்கூட, அடக்கி வைத்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து பழி வாங்கியது. பல இரவுகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழிந்தன.

இப்போது காபி ஒரு வேளைதான். கொதித்து ஆறிய தண்ணீரை மனைவி புட்டியில் நிரப்பித் தருகிறாள். எரிச்சல் எப்போதாவது தலைகாட்டும்போது, மேஜை இழுப்பறையைத் திறந்து, மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டையைப் பார்த்துவிட்டு மூடி விடுகிறேன்.