கோபுரத்துக் குமர்

சிறுவர் கதைகளை நம்மில் பலர் சின்ன விடயமாகத்தான் எண்ணுகிறோம். இலக்கியக் கூட்டங்களில் கவிதைக்கும் சிறுகதைக்கும் கிடைக்கின்ற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நாளொன்றுக்கு ஐந்தாறு மணித்தியாலம் பிள்ளைகளோடு இருக்கின்ற என் போன்ற கிராமத்து வாத்தியாருக்கு அது சின்ன விடயமல்ல. மாரி காலத்தில், வர வேண்டிய ஆசிரியர்களில் பாதிப் பேர் வராத நாளில், இரண்டு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து இருத்தி வைப்பதற்குக் கதையை விட்டால் வேறு வழி கிடையாது.

அப்படி நான் பல தடவை சொன்ன கதைகளுள் ரபுன்சலின் கதையும் ஒன்று. கர்ப்பிணியொருத்தி மசக்கையில் பக்கத்து வளவுக் கீரைக்கு ஆசைப்படுகிறாள். கணவன் மதிலேறிக் குதித்துக் களவாய்ப் பறிக்கிறான். தோட்டத்துச் சூனியக்காரியிடம் பிடிபட்டு, பிறக்கப்போகும் பிள்ளையைத் தருவதாக வாக்குக் கொடுத்துத் தப்புகிறான். அந்தப் பிள்ளைதான் ரபுன்சல். வாசலும் படியும் இல்லாத கோபுரமொன்றில் அவள் அடைக்கப்படுகிறாள். அவளது நீண்ட கூந்தலே ஏணியாகிறது. அதைப் பிடித்து முதலில் சூனியக்காரி ஏறுகிறாள், பின்னர் ஓர் இளவரசனும் ஏறுகிறான்.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் சிறுவர் இலக்கியம் பற்றி ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. அதற்காக நூலகத்தில் இந்தக் கதையின் வேரைத் தேடத் தொடங்கினேன். ஒப்படை முடிந்தது, புள்ளியும் கிடைத்தது. தேடல் மட்டும் என்னை விடவில்லை. இணையம் கைக்குள் வந்த பிறகு அது இன்னும் விரிந்தது. அந்தத் தேடலில் கிடைத்தவற்றையும், அவை என் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்த விதத்தையுமே இங்கு எழுதுகிறேன்.

பெண்ணை உயரத்தில் அடைத்து வைக்கும் கதை மிகப் பழையது. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் 3000 வருடங்களுக்கு மேற்பட்ட எகிப்தியப் பப்பிரசுச் சுவடியொன்று இருக்கிறது. அதிலுள்ள கதையில் நஹரின் நாட்டரசன் தன் ஒரே மகளை ஒரு மாளிகையில் வைக்கிறான். அதன் யன்னல் நிலத்திலிருந்து எழுபது முழ உயரத்தில் இருக்கிறது. எட்டிப் பாய்ந்து யன்னலைத் தொடுபவனுக்கே பெண் என்கிறான். பாய்ந்து தொடுகின்ற எகிப்திய இளவரசனும், சிறு வயதில் அடைக்கப்பட்டு வளர்ந்தவன்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. முதலை, பாம்பு, நாய் ஆகிய மூன்றில் ஒன்றால் அவன் இறப்பான் என்று விதி கூறப்பட்டதால், தகப்பன் அவனைப் பாலைவனத்தில் ஒரு கல்வீட்டுக்குள் வைத்துக் காக்கிறான். பையனோ கூரையிலே ஏறி நின்று, தெருவில் போகும் மனிதனின் பின்னால் ஓடுவது என்னவென்று கேட்கிறான். நாய் என்கிறார்கள். எனக்கும் அப்படியொன்று வேண்டும் என்கிறான். சுவடியின் கடைசிப் பகுதி சிதைந்துவிட்டதால் அவன் முடிவு நமக்குக் கிடைக்கவில்லை.

கிரேக்கர்களின் தனாயியும் இப்படித்தான். பேரனால் உனக்கு மரணம் என்று குறி சொல்லப்பட்ட அக்கிரீசியஸ் மன்னன், மகளை வெண்கல அறையொன்றில் பூட்டுகிறான். பழைய கிரேக்கக் கதையில் அது நிலத்துக்குக் கீழே உள்ள அறை. உரோமக் கவிஞர் ஹோரஸ் பாடும்போது அது வெண்கலக் கோபுரமாகி விடுகிறது. கீழே இருந்தாலென்ன, மேலே இருந்தாலென்ன, பூட்டு பலிக்கவில்லை. பேரன் பிறந்தான், குறியும் பலித்தது.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு கோபுரம் பிர்தௌஸியின் ஷாஹ்நாமாவில் உண்டு. 1010 இல் நிறைவுற்ற அந்தப் பாரசீகக் காவியத்தில், காபூல் ஆட்சியாளன் மெஹ்ராபின் மகள் ருதாபா, தன்னைத் தேடி வந்த ஸாலுக்கு மாடத்திலிருந்து கூந்தலை அவிழ்த்து விடுகிறாள். ஸால் பிறவியிலேயே நரைத்த தலையன். அதனால் தகப்பனால் மலையில் எறியப்பட்டு, சீமுர்க் பறவையால் வளர்க்கப்பட்டவன். அவன் அந்தக் கூந்தலை முத்தமிடுகிறான், ஆனால் பிடித்து ஏறவில்லை. அவளுக்கு நோகும் என்று சொல்லிக் கயிற்றை வீசி மாடத்தில் மாட்டி அதிலே ஏறுகிறான். ஐரோப்பியக் கதைகளில் எத்தனையோ பேர் அந்தக் கூந்தலில் ஏறி இறங்குகிறார்கள். அவளுக்கு நோகுமே என்ற எண்ணம் ஒருவருக்கும் வருவதாகக் காணோம். இந்த ஒரு கட்டத்துக்காகவே பிர்தௌஸியைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று கலாசாலை விடுதியில் ஒரு தமிழ் நண்பர் சொன்னார். நான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆயிரத்தொரு இரவுகளில் பூட்டுக்குக் குறைவே இல்லை. கல்யாணம் வேண்டாம் என்றதற்காக இளவரசன் கமருஸ்ஸமான் பாழடைந்த கோபுரத்தில் அடைக்கப்படுகிறான். அதே குற்றத்துக்காகச் சீன தேசத்து இளவரசி புதூரும் அடைக்கப்படுகிறாள். எகிப்தியக் கதையிலும் இங்கும் அடைபடுவது ஆண் பெண் இரண்டும்தான். காலம் போகப் போகக் கோபுரம் பெண்ணுக்கே உரியதாகி விட்டது.

இனி ரபுன்சலின் நேர்வழிப் பரம்பரைக்கு வருவோம். நேப்பிள்ஸ் நகரத்து வட்டார மொழியில் கியாம்பத்திஸ்தா பசீலே எழுதிய ஐம்பது கதைகள், அவர் 1632 இல் இறந்த பின்னர், 1634 தொடக்கம் 1636 வரை வெளிவந்தன. அதில் வருபவள் பெட்ரோசினெல்லா. பெட்ரோசினே என்றால் அம்மொழியில் பார்சிலி இலை. தாய் மசக்கையில் அரக்கியின் தோட்டத்து இலைக்கு ஆசைப்பட்டதால் வந்த பெயர். ஏழு வயதில் பிள்ளை படிக்கப் போகத் தொடங்குகிறாள். போகும் வழியிலே அரக்கி நின்று, உன் தாயிடம் அவள் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்து என்று சொல்லி அனுப்புகிறாள். நாளாந்தம் இதைக் கேட்டுச் சலித்த தாய் ஒருநாள், எடுத்துக்கொள் என்று சொல்லிவிடு என்கிறாள். பிள்ளையும் அப்படியே சொல்கிறாள். பாடசாலைக்குப் போகும் பாதையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை அவள்.

ஆனால் அவள் சும்மா இருந்துவிடவில்லை. சமையலறை உத்திரத்தில் ஒளித்திருக்கும் மூன்று மாயக் காய்கள் கையில் கிடைத்தாலன்றி அவளால் தப்ப முடியாது என்று அரக்கி அண்டை வீட்டுக்காரியிடம் சொல்வதை ஒட்டுக் கேட்கிறாள். இளவரசனைக் கொண்டு அவற்றை எடுப்பிக்கிறாள். கயிற்றேணியால் இறங்கி இருவரும் ஓடுகிறார்கள். துரத்தி வரும் அரக்கியின் முன்னால் காய்களை ஒவ்வொன்றாய் எறிகிறாள். நாய் வருகிறது, சிங்கம் வருகிறது, கடைசியில் ஓநாய் வந்து அரக்கியை விழுங்கிவிடுகிறது. அத்தோடு கதை முடிகிறது. என் மூத்தம்மா சொன்ன கதையிலும், ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் அரக்கனிடம் சிறைப்பட்ட ராசாத்தி, அவன் தலையில் பேன் பார்த்தபடியே அவன் உயிர் எந்தக் கிளிக்குள் இருக்கிறதென்று கேட்டறிந்து விடுவாள். எழுதப் படிக்கத் தெரியாத என் மூத்தம்மாவுக்குப் பசீலேயைத் தெரியாது. ஆனால் அடைபட்ட பெண்ணுக்குக் காதும் புத்தியும் உண்டு என்பது இருவருக்குமே தெரிந்திருக்கிறது.

அடுத்து இந்தக் கதை பிரான்சுக்கு, ஷார்லொட் றோஸ் த லா ஃபோர்ஸ் என்ற பிரபுக் குலப் பெண்மணியிடம் போகிறது. பதினான்காம் லூயி மன்னனின் கோபத்துக்கு ஆளான அவரை 1697 இல் அரண்மனையை விட்டு நீக்கிக் கன்னிமடமொன்றில் இருத்தினார்கள். அவரது கதைத் தொகுதி வெளிவந்ததும் அதே காலத்தில்தான். அவருடைய பெர்சினெட் கதையில் அரக்கி இல்லை, ஒரு வனதேவதை இருக்கிறாள். பிள்ளையின் விதியை அறிந்து, அதிலிருந்து அவளைக் காப்பாற்றவே பன்னிரண்டு வயதில் வெள்ளியாலான கோபுரத்தில் வைக்கிறாள். உள்ளே அழகான அறைகள், நல்ல உடுப்புகள், நூல்கள், சித்திரம் வரைய வண்ணங்கள். வெளியே போகும் வழியைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லை. அடைத்து வைப்பவர் அன்புள்ளவராகவும் இருக்கலாம் என்பதை எழுதியவர், தானே அடைபட்ட ஒரு பெண். அவர் தன் கதையில் தேவதையைக் கொல்லவில்லை. கடைசியில் தேவதை மனமிரங்கி, தானே அவர்களை இளவரசனின் தகப்பன் வீட்டில் கொண்டு சேர்க்கிறாள்.

அந்தப் பிரெஞ்சுக் கதையை ஃபிரீட்ரிக் ஷுல்ஸ் 1790 இல் ஜேர்மனுக்குக் கொண்டுவந்தார். பார்சிலியை ரபுன்சல் கீரையாக்கிப் பெயரை மாற்றியவர் அவரே. அவருடைய நூலிலிருந்து கிறிம் சகோதரர்கள் 1812 இல் தமது முதற் பதிப்பில் அதைச் சுருக்கிச் சேர்த்தார்கள். ஷுல்ஸ் வாய்மொழியாகக் கேட்டே எழுதியிருப்பார் என்பது அவர்களது எண்ணம். முதற் பதிப்பில் ரபுன்சல், என் உடுப்பு ஏன் இறுக்கமாகிறது என்று வெகுளியாய்க் கேட்டு, தான் கர்ப்பமுற்றிருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறாள். சிறுவருக்கு இது ஆகாது என்று விமர்சனம் எழ, பிந்திய பதிப்புகளில் அந்தக் கேள்வி மறைந்தது. இளவரசனைவிட நீ ஏன் இவ்வளவு பாரமாய் இருக்கிறாய் என்று சூனியக்காரியிடமே கேட்கும் அசடாக அவளை ஆக்கினார்கள். 1857 இல் வந்த கடைசிப் பதிப்பில், அவள் இளவரசன் கொண்டுவரும் பட்டுநூலால் ஓர் ஏணி பின்னத் தொடங்குகிறாள். ஆனால் ஏணி முடியுமுன்னே பிடிபடுகிறாள். கூந்தல் வெட்டப்பட்டு வனாந்தரத்துக்குத் துரத்தப்படுகிறாள். உலகம் முழுவதும் பரவியது இந்தப் பதிப்புத்தான். மூன்று காய்களை எறிந்து அரக்கியை முறியடித்தவளின் கையில் இப்போது மிஞ்சியிருப்பது பாதி ஏணி.

இந்தக் கதையை ஏழாந் தரத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

"சேர், அந்தப் புள்ளட உம்மா வாப்பா ஏன் தேடிப் போகல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பசீலேயிலும் சரி, கிறிமிலும் சரி, பிள்ளையைக் கொடுத்த பிறகு தாயும் தகப்பனும் கதையை விட்டே மறைந்துவிடுகிறார்கள். இத்தனை நூல்களைப் புரட்டிய எனக்குத் தோன்றாத கேள்வி அது. தெரியாது மகள், கதையிலே இல்லை என்று சொன்னேன். "அப்ப அவங்களும்தான் கள்ளர்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு பையன் தீர்ப்புச் சொன்னான்.

ஏழாந் தரப் பிள்ளைகளுக்கும் கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சலுக்கும் ஒரே வயது, பன்னிரண்டு. அந்த வயதின் அர்த்தத்தை எங்கள் பக்கத்து வாத்தியார்மாருக்கு விளக்க வேண்டியதில்லை. வரவுப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே சிவப்புக் கோடுகள் தொடரத் தொடங்கும் வயது அது. முன்னரைவிட இப்போது எவ்வளவோ குறைவு, எனினும் முற்றாக நீங்கவில்லை. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் அடுத்த வருடம் நின்றுவிட்டாள்.

வீட்டுக்குப் போனேன். தகப்பன் நல்ல மனிதர், வயல் செய்கிறவர். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"படிக்க வேணாமெண்டு நான் சொல்லல்ல சேர். வாய்க்கால் ரோட்டுத் தூரமும் ஆளில்லாத எடமும் ஒங்களுக்குத் தெரியும்தானே. ஒங்களுக்கும் பொம்புளப் புள்ள இரிக்கி."

எனக்கும் இருக்கிறாள்தான். பதில் சொல்ல முடியவில்லை. அவர் அரக்கரல்லர். லா ஃபோர்ஸின் தேவதையைப் போல விதிக்குப் பயந்தவர். பயத்தோடு வாதாடுவது கெட்டவனோடு வாதாடுவதைவிடக் கடினம். அந்த நேரத்தில் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து தாயின் குரல் கேட்டது. "நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாறன்." அவ்வளவுதான். கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டு, அந்தப் பெண்மணி காலையும் பகலும் அந்த ரோட்டில் நடந்தார். பிறகு இன்னும் மூன்று பிள்ளைகள் அவரோடு சேர்ந்து வந்தார்கள். மாணவி சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை அது தொடர்ந்தது.

தாய்மார் தேடி வராத கதைகளையே நூல்களில் வாசித்த எனக்கு, இப்படியொரு மறுகூறல் எந்தத் தொகுதியிலும் அகப்படவில்லை. ஆனால் கிறிம் தொகுதியிலேயே ரபுன்சலுக்கு ஒரு சகோதரி இருக்கிறாள். 1850 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த மலீன் என்ற கன்னி. தகப்பன் சொன்னவனை மணக்க மறுத்ததால் ஏழு வருடத்துக்கு உணவும் நீரும் வைத்து, பணிப்பெண்ணோடு கோபுரத்துக்குள் அவளைச் சுவரெழுப்பி மூடிவிடுகிறார்கள். காலம் முடிந்தும் ஒருவரும் வரவில்லை. உணவும் தீர்கிறது. இருவரும் பாண் வெட்டும் கத்தியால் கல்லிடுக்குச் சாந்தைச் சுரண்டுகிறார்கள். ஒருத்தி களைத்தால் மற்றவள் சுரண்டுகிறாள். மூன்று நாளில் வெளிச்சம் தெரிகிறது. வெளியே வந்தால் தகப்பனின் நாடே அழிந்து கிடக்கிறது. காஞ்சோன்றி இலையைத் தின்று உயிர் பிழைத்து நடக்கிறார்கள். இந்தக் கதை படப் புத்தகங்களில் ஏன் வருவதில்லை என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

2010 இல் வந்த டிஸ்னி திரைப்படத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதிலே ரபுன்சல் தன் கூந்தலைப் பிடித்துத் தானே இறங்குகிறாள். அவளைப் பெற்றவர்கள் வருடந்தோறும் அவள் பிறந்தநாளில் வானத்துக்கு விளக்குகளை விட்டுக் காத்திருக்கிறார்கள். "படத்தில அவங்க மறக்கல்ல சேர்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். வியாபாரத்துக்காக எடுத்த படம்தான். ஆயினும் என் மாணவி கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் பதில் தேடியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு கதையின் சரியான வடிவம் எதுவென்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்பவர் நிற்கும் இடத்துக்கேற்பக் கோபுரத்தின் சாவி கைமாறுகிறது என்பதுதான் நான் கண்டது. நான் இப்போது வகுப்பில் பெட்ரோசினெல்லாவையும் மலீனையும் சேர்த்தே சொல்கிறேன். ஸால் கூந்தலில் ஏறாத கட்டத்தைப் பையன்களுக்காகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சிறுவருக்கு எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் அரக்கனிடம் உயிரின் இரகசியத்தைக் கேட்டறிந்த ராசாத்திகளின் கதை தெரிந்த மூத்தம்மாமார் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். கண் மங்கியவர்கள், நிறையப் பேசுபவர்கள். அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதி வையுங்கள். சிறுவருக்கு ஆகாதென்று ராசாத்தியின் கையிலிருந்து எதையும் பிடுங்கிவிடாதீர்கள்.