எழுதி வைக்காத வாசிப்பு

ஜாஸ் இசையை முறையா படிச்சவன் இல்லை நான். தமிழ் எம்.ஏ.காரனுக்கு இது எதுக்குன்னு தோழர்கள் கேலி பண்ணுவாங்க. ஆனாலும் கூட்டம் முடிஞ்சு, தொண்டை கட்டி அறைக்குத் திரும்புற ராத்திரிகளில் நான் போட்டுக் கேட்பது, கவுண்ட் பேஸியின் குழு 1937 முதல் 1939 வரை டெக்கா கம்பெனிக்காகப் பதிந்த இசைத்தட்டுகளைத்தான்.

அதில் ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ 1937 ஜூலை 7-ல் பதிந்தது. மூன்று நிமிஷம். முதலில் பேஸியின் பியானோ மட்டும் முன்னால் வரும். பிறகு சுருதி மாறும், ஹெர்ஷல் எவான்ஸின் சாக்ஸபோன் கனத்த குரலில் நுழையும். கொஞ்ச நேரம் கழித்து அதே வாத்தியத்தை லெஸ்டர் யங் எடுப்பார், பஞ்சு மாதிரி. மறுபடி பேஸி. இந்த முறை ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு, அவ்வளவுதான். அவர் விடுகிற இடத்தில்தான் வால்டர் பேஜின் பாஸ் நடப்பது கேட்கும். ஃப்ரெடி கிரீனின் கிட்டார் இருப்பதே தெரியாத மாதிரி இருக்கும். எடுத்துவிட்டால் எல்லாம் சரிந்துவிடும். ஜோ ஜோன்ஸ் தாளத்தைக் காலால் இடிக்கும் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து ஜோடித் தட்டுக்குக் கொண்டுபோனவர். கடைசியில் ஊதுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சின்னத் துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அந்த இடத்தில் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. கன்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் ராத்திரி முழுக்க வாசித்த காலத்தில், ஒருவர் ஒரு துண்டை எடுத்துவிட, பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பதில் வைக்க, அப்படியே சேர்ந்தது. ஹெட் அரேஞ்ச்மென்ட் என்று சொல்வார்கள், தலையிலேயே இருப்பது. எங்க தெருவில் செட்டு சேர்ந்து பறையடிக்கிறவங்களும் தாள் பார்த்து அடிச்சதில்லை. அதனால இது எனக்குச் சட்டுனு பிடிபட்டது.

பேஸி 1904-ல் நியூ ஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில் பிறந்தவர். அம்மா ஊரார் துணியை வாங்கித் துவைத்துக் கொடுத்தவர். பாடத்துக்கு 25 சென்ட் கொடுத்து மகனைப் பியானோ படிக்க வைத்ததும் அந்தக் காசில்தான்.

1936-ல் ஜான் ஹாமண்ட் என்ற பணக்கார வெள்ளை இளைஞர் சிகாகோவில் கார் ரேடியோவில் இந்தக் குழுவைக் கேட்டுவிட்டு, தேடிக்கொண்டு வந்தார். அதற்குள் டெக்கா முந்திக்கொண்டது. 24 பாட்டுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது. கணக்குப் போட்டால் பாட்டுக்கு 31 டாலர் சொச்சம். அதைத்தான் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பங்கு போட வேண்டும். ஹாமண்ட் இசைக்கலைஞர் சங்கத்தில் முறையிட்டு, பதிவுக் கூலியைச் சங்கம் வைத்த குறைந்தபட்ச அளவுக்காவது ஏற்ற வைத்தார். ராயல்டி வரவில்லை. அதே வருஷம் அவர் ஐந்து பேரை மட்டும் வைத்துப் பதிவு செய்தபோது, டெக்கா ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் பேஸியின் பெயரே போட முடியவில்லை. ஜோன்ஸ்-ஸ்மித் என்று டிரம்காரர், டிரம்பெட்காரர் பெயரில் தட்டு வந்தது.

எழுத்து இல்லாதவனைத் தாளை நீட்டி ஏமாற்றியது என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். முடியவில்லை. ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ உருவானதில் பஸ்டர் ஸ்மித், எடி டர்ஹாம் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. உரிமை எழுதினபோது பேஸி பெயர் மட்டும்தான் ஏறியது. குழு கன்சாஸ் சிட்டியை விட்டுக் கிளம்பியபோது ஸ்மித் கூடப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவர். சேர்ந்து செய்ததைத் தாளில் ஏற்றும்போது ஒருவர்தான் நிற்கிறார், நம்ம ஆளாக இருந்தாலும். இதைச் சொன்னால் ஒரு தோழர், பேஸியை ஏன் இழுக்கிறே என்று சண்டைக்கு வருவார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தத் தட்டை மறுபடி போட்டு, பியானோவில் எங்காவது கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இரண்டு சொட்டு வைக்கிறார், கையை எடுத்துவிடுகிறார், பேஜ் நடக்கட்டும் என்று. எனக்குத்தான் கோபம் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.