ஒரு கால் மட்டும் வீங்கினால்

அக்காவுக்கு சிசேரியன் ஆகி 11வது நாள். "இடது கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுடா தம்பி"ன்னு போன்ல சொன்னாங்க. படுத்தே இருக்குறதால வர்ற தசைப்பிடிப்புன்னு சொல்லி வச்சுட்டேன். டாக்டர் நான். ரெண்டு காலும் வீங்கியிருக்கா, ஒண்ணு மட்டுமான்னு கேட்கவே இல்லை.

மறுநாள் போனால், அவங்க மாமியார் நல்லெண்ணெயைச் சூடாக்கி வச்சுக்கிட்டு காலைத் தேய்க்க உட்கார்ந்திருக்காங்க. இடது கால் மட்டும் நல்லா வீங்கி, தொட்டால் சுடுது.

"அத்தை, கையை எடுங்க!" கத்தியே விட்டேன்.

டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரை வரை ரத்தக்கட்டி. தேய்த்திருந்தால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்துதான் ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடும். பிரசவத்துக்குப் பிறகும் குறைந்தது 6 வாரம் அந்த ஆபத்து உண்டு. அதோடு ஆபரேஷன், படுக்கை. போதாததுக்கு, "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்"னு நாளுக்கு ரெண்டே டம்ளர் தண்ணி! (அத்தையைக் குறை சொல்லலை. அவங்க மாமியார் அவங்களுக்குச் செஞ்சதுதான்.)

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி உடனே ஆரம்பிச்சோம். குழந்தைக்குப் பால் கொடுக்கத் தடையில்லை. சிகிச்சை 3 மாதம் ஓடியது.

வீட்டில் பிள்ளை பெற்றவங்க இருந்தா, டாக்டர் சொன்னதும் எழுப்பி நடக்க விடுங்க. தாகத்துக்குத் தண்ணி கொடுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே காட்டுங்க. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108.