அம்மா கேட்ட ரோஸ் கலர்

சேலத்துப் பக்கம் சேலைக்குப் பெயர்போனது எங்கள் இளம்பிள்ளை. ஊருக்கெல்லாம் கலர் கலராகச் சேலை நெய்த அம்மா, வீட்டுச் சுவரில் பார்த்தது வெள்ளைச் சுண்ணாம்பு மட்டுமே. அப்பா போன பிறகு அவர் உடுத்தும் சேலையும் வெளுத்தது.

இந்தப் பொங்கலுக்கு, "லேசா ரோஸ் அடிக்கலாமா?" என்றார். "இந்த வயசுல, இந்த நிலைமையில ரோஸா?" என்றனர் உறவினர். அடித்தோம்.

ஒரு சுவருக்கு மட்டும் ரோஸ், மற்றவற்றுக்கு வெள்ளை. முதலில் ஓரடி பூசி, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் பார்த்தோம். மஞ்சள் பல்பில் ரோஸ் ஆரஞ்சாகத் தெரியும். மரக் கட்டிலும் மணி பிளான்ட் பச்சையும் அதற்கு நல்ல ஜோடி. பெட்டியில் கிடந்த அம்மாவின் ரோஸ் சேலை ஜன்னல் திரையானது.

நிறத்துக்கு ஏதுங்க சுமங்கலி, விதவை?