உட்கார்ந்து பார்க்கிற வேலை

தெற்கத்திச் சீமையிலிருந்து தியாகராய நகருக்குப் பிழைக்க வந்தவர்களின் வீடுகளில், பிள்ளைகள் கலெக்டராக வேண்டும், டாக்டராக வேண்டும் என்பதெல்லாம் விருந்தாளிகள் சொல்லும் வாழ்த்து. அப்பாக்கள் கேட்டது வேறு. என் அப்பா சொல்வார்: "ஏலே, நீயாவது உக்காந்து பாக்குற வேலைக்குப் போயிரணும்."

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் பனை ஏறியவரின் மகன் அவர். இங்கே கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவரை நம்பி ரயிலேறினார். ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் சாலைக்கும் பலர் வந்து சேர்ந்தது இப்படித்தான். சோறும் படுக்க இடமும் முதலாளி கொடுத்துவிடுவார். சம்பளம் மணியார்டரில் ஊருக்குப் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனம். நான் பிறந்தது அங்கேதான்.

அப்பாவுக்குப் புடவைப் பிரிவு. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்க வேண்டும். ஆளே வராத மத்தியான வேளையிலும் நிற்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் வியாபாரம் நள்ளிரவைத் தாண்டும். அவர் வந்து, தூங்கி எழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பண்டிகை. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும்.

அம்மா உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். வீட்டுத் தரையில் குனிந்தபடி, புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துத் தைத்து முதுகு போயிற்று. அதை யாரும் 'உட்கார்ந்து பார்க்கிற வேலை' என்று சொன்னதில்லை. அப்பா கேட்ட நாற்காலியோடு மின்விசிறியும் ஞாயிறு விடுமுறையும் சேர்ந்தே வர வேண்டும். எனக்கு வந்தது, அடையாறில் ஓர் அலுவலகத்தில்.

2021 செப்டம்பரில், கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடிப் பெற்றது அது. நம்முடைய கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதற்குள் ஒரு நாற்காலி நுழைய 74 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கடையில உக்காந்துட்டா யாவாரம் எப்படிலே நடக்கும்?" என்றார்.

முதலில் கோபம் வந்தது. யோசித்தபோது புரிந்தது. மகனைக் கடையிலிருந்து வெளியே அனுப்ப அவரால் கனவு காண முடிந்தது. கடைக்குள் ஒரு ஸ்டூலைப் போட முடியவில்லை. வேலை கொடுத்தவர் வெறும் முதலாளியாக இருந்தால் கேட்டிருக்கலாம். அவர் ஊர்க்காரர், சோறு போட்டவர், தங்கையின் கல்யாணத்துக்கு முன்பணம் தந்தவர். கைகொடுத்துத் தூக்கிவிட்ட அதே உறவு வாயையும் கட்டிவிட்டது. அவரிடம் கேட்க முடியாததைத்தான் அப்பா என்னிடம் கேட்டார்.

நான் உட்கார்ந்துவிட்டதால் அப்பா நின்ற இடம் காலியாகிவிடவில்லை. இன்னொரு ஊரிலிருந்து இன்னொருவர் வந்து நிற்கிறார்; அவரும் தன் பிள்ளையிடம் உட்கார்ந்து பார்க்கிற வேலையைத்தான் கேட்பார். அவரவர் பிள்ளையை மட்டும் கரையேற்றும் பாசத்தில் குற்றமில்லை. ஆனால், அதனால் கடை மாறாது.

எனக்கு எந்த முதலாளியிடமும் சோற்றுக்கடன் இல்லை. துணி எடுக்கப் போனால், பில் போடும் முன் மேலாளரிடம் கேட்டுவிடுகிறேன்: "இவங்களுக்கு ஸ்டூல் எங்கே?" ஊழியர் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம். வாடிக்கையாளர் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.